டோல்கீனை எங்கிருந்து தொடங்குவது? நான்கு வாசிப்பு வரிசைகள்

"டோல்கீன் மூணு புத்தகமும் வாங்கிட்டேன், எதை முதல்ல படிக்கணும்?" என்று கேட்டு வருடத்துக்கு நாலைந்து பேராவது எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். கற்பனை உலகக் கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீனைத்தான் சொல்கிறார்கள். பாதிப் பேர் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்கள். மீதிப் பேர் ஒருமுறை தொடங்கிப் பாதியில் வைத்துவிட்டு, திரும்ப எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்கள். இதற்கு ஒருவரிப் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. தப்பான வரிசையால் நானே மூன்று வருடத்தை இழந்திருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் கல்லூரி நூலகத்திலிருந்து நான் முதலில் எடுத்தது 'தி சில்மரில்லியன்'. உலகம் தோன்றுவதிலிருந்து ஆரம்பிக்கிறது என்றால் அதுதானே முதல் புத்தகம் என்று நினைத்தேன். பதினான்காம் அத்தியாயம் வரை எப்படியோ போய்விட்டேன். அந்த அத்தியாயத்தில் கதை அப்படியே நின்றுவிடுகிறது. எந்த ஆறு எந்த மலையில் பிறக்கிறது, எந்த இளவரசனின் நாடு எந்தக் கரை வரைக்கும் என்று பக்கம் பக்கமாக நில விவரம். ஒவ்வொரு வரிக்கும் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் மூடி வைத்துவிட்டு, டோல்கீன் நமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு ஒரு நண்பர் 'தி ஹாபிட்' புத்தகத்தைக் கையில் திணிக்கும் வரை அந்தப் பக்கமே போகவில்லை.

## இந்தக் குழப்பம் ஏன் வருகிறது

வெளிவந்த வரிசையும் கதை நடக்கும் வரிசையும் ஒன்றில்லை. கல்கி வாசகர்களுக்கு இது பழகிய சங்கதிதான். அவர் முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. ஆனால் கதைக் காலத்தில் முந்தியது 'சிவகாமியின் சபதம்'. டோல்கீனிடம் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடுதல்.

| புத்தகம் | வெளிவந்த ஆண்டு | கதை நடக்கும் காலம் (டோல்கீன் உலகின் யுகக் கணக்கில்) |
|---|---|---|
| தி ஹாபிட் | 1937 | மூன்றாம் யுகம் 2941 |
| தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் | 1954–55, மூன்று தொகுதிகள் | மூன்றாம் யுகம் 3001 முதல் |
| தி சில்மரில்லியன் | 1977 | படைப்பிலிருந்து மூன்றாம் யுக முடிவு வரை |
| தி சில்ட்ரன் ஆஃப் ஹூரின் | 2007 | முதல் யுகம் |

கடைசி இரண்டும் டோல்கீன் 1973இல் இறந்த பிறகு, அவர் மகன் கிறிஸ்டோபர் கையெழுத்துப் பிரதிகளைத் தொகுத்து வெளியிட்டவை. ஆனால் எழுதத் தொடங்கிய கணக்கில் பார்த்தால் சில்மரில்லியன் கதைகள்தான் மூத்தவை. முதல் உலகப் போரில் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பிய காலத்திலேயே அவற்றில் சிலவற்றை எழுத ஆரம்பித்துவிட்டார். ஹாபிட் நன்றாக விற்றதும் பதிப்பாளர் அடுத்த புத்தகம் கேட்டார். டோல்கீன் கொண்டுபோய்க் கொடுத்தது இந்தப் பழங்கதைகளை. அவர்கள் ஏற்கவில்லை. ஹாபிட்கள் என்ற குட்டை மனிதர்களைப் பற்றி இன்னொரு கதை வேண்டும் என்றார்கள். அப்படித்தான் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் பிறந்தது. ஆகவே "ஆசிரியர் நினைத்த வரிசை எது?" என்று கேட்டாலும் ஒற்றைப் பதில் கிடைக்காது.

இன்னொன்று. லார்ட் ஆஃப் தி ரிங்ஸை மூன்று நாவல் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரே நாவல். போருக்குப் பிந்தைய காகித விலையையும் செலவையும் கணக்குப் போட்டுப் பதிப்பாளர் மூன்றாக வெட்டினார். முதல் தொகுதியை முடித்துவிட்டு "அடுத்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வைத்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திய மாதிரிதான்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, எந்த ரகசியம் எந்த இடத்தில் உடைகிறது. முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா என்று நம்மூர் ஆட்கள் கேட்பது நியாயம்தான். பாரதக் கூத்தின் முடிவு தெரிந்துதான் விடிய விடிய உட்காருகிறோம். ஆனால் டோல்கீன் கதையை நடத்துவது ஹாபிட்களின் கண் வழியாக. அவர்களுக்கு உலகம் தெரியாது. அவர்களோடு சேர்ந்துதான் நமக்கும் தெரிய வர வேண்டும். அவர்களைவிட நமக்கு அதிகம் தெரிந்துவிட்டால் பயம் குறைந்துபோகிறது.

இரண்டாவது, மொழி. 'தி ஹாபிட்' குழந்தைகளுக்குச் சொன்ன கதை, ஆங்கிலம் எளிது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் போகப் போகக் கனமாகும். சில்மரில்லியன் பைபிள் நடையில் எழுதியது. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில நாவலுக்கு வருகிறவருக்கு இந்த ஏற்றம் பெரிய விஷயம்.

மூன்றாவது, எங்கே கைவிடும் ஆபத்து அதிகம் என்பது. நான்காவது நேரம். ஹாபிட் ஏறத்தாழ 95,000 சொற்கள், சில்மரில்லியன் 1,30,000, லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் 4,80,000 சொற்கள் அளவுக்கு வரும். தினம் பேருந்தில் அரைமணி நேரம் படிக்கிறவருக்கு இது பல மாத வேலை.

## வரிசை 1: வெளிவந்தபடியே

ஹாபிட், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ், சில்மரில்லியன்.

இந்த வரிசையின் பலம் முழுவதும் ஹாபிட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மலைக்கு அடியில் கும்மிருட்டு. கதாநாயகனான ஹாபிட் பில்போ கூட வந்த கூட்டத்தைத் தவறவிட்டு, தரையில் தவழ்ந்து போய்க்கொண்டிருக்கிறான். கையில் குளிர்ச்சியாக ஏதோ தட்டுப்படுகிறது, சின்ன உலோக வளையம். யோசிக்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். அவன் வாழ்க்கையின் திருப்புமுனை அது, அவனுக்குத்தான் தெரியாது என்று கதைசொல்லி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அப்புறம் அந்த இருட்டிலேயே வாழும் கோல்லம் என்ற பிராணியோடு விடுகதைப் போட்டி. பில்போ தப்பிக்கும்போது கோல்லத்தைக் கொல்ல ஒரு வாய்ப்பு வருகிறது. இருட்டில் தனியாகக் கிடக்கிற அந்தப் பிராணியின் வாழ்க்கையை ஒரு கணம் நினைத்துப் பார்க்கிறான், இரக்கம் வந்துவிடுகிறது, தாண்டிக் குதித்து ஓடுகிறான்.

ஹாபிட்டில் அந்த மோதிரம் ஆளை மறைக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான். லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் இரண்டாம் அத்தியாயத்தில் பில்போவின் வாரிசு ஃப்ரோடோவின் வீட்டில் உட்கார்ந்து மந்திரவாதி கேண்டால்ஃப் அதன் வரலாற்றைச் சொல்லும்போதுதான் நமக்கு முதுகு சில்லிடும். அந்தக் கோல்லத்தை அன்றே பில்போ கொன்றிருக்கக் கூடாதா என்று ஃப்ரோடோ கேட்கிறான். கேண்டால்ஃப் சொல்லும் பதிலில்தான் முழு நாவலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தை நீங்களே இருட்டில் தடவித் தடவிப் படித்திருந்தால்தான் அந்தப் பதில் உள்ளே இறங்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1937 பதிப்பில் இந்த அத்தியாயம் வேறு மாதிரி இருந்தது. கோல்லம் பந்தயப் பொருளாகவே மோதிரத்தை வைத்தது; தோற்றதும் கொடுக்கத் தேடியது; காணவில்லை என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வழி காட்டியது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதும்போது மோதிரத்தின் தன்மை மாறிவிட்டதால், 1951 பதிப்பில் டோல்கீன் இதைத் திருத்தி எழுதினார். பழைய வடிவத்தையும் வீணாக்கவில்லை. பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய் அது என்று கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். இப்போது கடையில் கிடைப்பது திருத்திய பதிப்புதான். அதாவது, முதலில் படிப்பதற்கு ஏற்றபடி ஆசிரியரே பாலம் கட்டி வைத்த புத்தகம் ஹாபிட்.

மறைமுகச் செலவு என்ன? ஹாபிட்டின் கதைசொல்லி அடிக்கடி நடுவில் வந்து குழந்தைகளிடம் பேசுவதுபோல் பேசுவார். முப்பது நாற்பது வயதில் முதல்முறை படிக்கிற சிலருக்கு அது பிடிக்காமல் போகிறது. டோல்கீனுக்கே அந்த நெருடல் இருந்தது. 1960இல் ஹாபிட்டை லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் தொனியில் மாற்றி எழுத உட்கார்ந்து, சில அத்தியாயங்களோடு விட்டுவிட்டார். விட்டது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

படம் எதுவும் பார்க்காதவர், வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து படிக்கிறவர், ஆங்கில வாசிப்பில் இப்போதுதான் கால் வைக்கிறவர் ஆகிய மூவருக்கும் இதுதான்.

## வரிசை 2: கதைக் காலப்படி

சில்மரில்லியன், ஹாபிட், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்.

நான் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டேன். ஆனாலும் இந்த வரிசைக்கு ஒரு உண்மையான லாபம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் பழைய பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். எதிரியின் நிலத்துக்குள் போகும் படிக்கட்டில் களைத்து உட்கார்ந்திருக்கும்போது, ஃப்ரோடோவின் தோழன் சாம், சில்மரில்லியனில் வரும் பெரெனைப் பற்றிப் பேசுகிறான். பெரென் இருண்ட அரசனின் கிரீடத்திலிருந்து ஒரு மணியைப் பெயர்த்தெடுத்தான்; அந்த மணியின் ஒளி எயாரெண்டில் என்ற மாலுமிக்குப் போனது; அந்த ஒளியில் கொஞ்சம் ஃப்ரோடோவின் கையிலிருக்கும் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. அப்படியென்றால் நாமும் அதே கதைக்குள்தான் இன்னும் இருக்கிறோமா என்று சாம் வியக்கிறான். சில்மரில்லியனை முதலிலேயே படித்தவருக்கு இந்த இடம் முதல் வாசிப்பிலேயே முழுசாகக் கிடைக்கும்.

ஆனால் கொடுக்கிற விலை அதிகம். முதலில், பெயர்கள். ஃபின்வே, அவர் மகன்கள் ஃபின்கோல்ஃபின், ஃபினார்ஃபின், பேரன்கள் ஃபின்கோன், ஃபின்ரோட். கதாபாத்திரங்கள் மேல் பிடிப்பு வருவதற்கு முன்பே இவர்களைப் பிரித்தறிய வேண்டும். ஆளுக்கு இரண்டு மூன்று பெயர் வேறு. நம் புராணங்களில் இதற்கெல்லாம் பழகியவர்கள்தான் நாம், ஆனால் அங்கே பாட்டியும் கோயிலும் சினிமாவும் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கின்றன. இங்கே அந்தத் துணை கிடையாது.

அடுத்தது பலருக்கும் தெரியாத செலவு. சில்மரில்லியன் ஐந்து பகுதிகள் கொண்டது. இரண்டாம் பகுதியில், தேவர்களைப் பற்றிய விவரத்தில், கேண்டால்ஃப் உண்மையில் யார் என்பது ஒலோரின் என்ற வேறு பெயரில் வந்துவிடுகிறது. கடைசிப் பகுதி மூன்றாம் யுகத்தைச் சுருக்கிச் சொல்கிறது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் முழுக் கதையும், முடிவு உட்பட, அதில் ஒருசில பத்திகளில் முடிந்துவிடும். ஆயிரம் பக்கம் நடந்து போய்ச் சேர வேண்டிய இடத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவீர்கள்.

டோல்கீன் 1963இல் எழுதிய ஒரு கடிதத்தில், தன் நாவலின் ஈர்ப்பில் ஒரு பங்கு, பின்னணியில் பெரிய வரலாறு ஒன்று தூரத்தில் தெரிவதுதான் என்கிறார். வெயில் படர்ந்த மூடுபனிக்குள் தொலைதூர நகரத்தின் கோபுரங்கள் மின்னுவதுபோல. அங்கேயே போய்விட்டால் மாயம் கலைந்துவிடும், அதற்கும் அப்பால் இன்னொரு தூரம் தெரிந்தால் ஒழிய. இரண்டாம் வரிசை அந்த நகரத்தில் உங்களைக் குடிவைத்துவிட்டு, பிறகு தூரத்திலிருந்து பார்க்கச் சொல்கிறது.

சரி, இது யாருக்குத்தான்? தொன்மங்களைத் தொன்மங்களாகவே ரசிக்கிறவருக்கு. வியாசர் விருந்தும் அபிதான சிந்தாமணியும் பொழுதுபோக்காகப் படிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் சுமையில்லை, விருந்து. அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நான்காம் பகுதியான 'அகல்லாபெத்' முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஐந்தாம் பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## வரிசை 3: நேராக லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்

படங்களைப் பார்த்துவிட்டவருக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறேன். மோதிரம் என்ன என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஐந்தாம் அத்தியாயத்தின் அறியாமை போய்விட்டது, அதைத் திரும்ப வாங்க முடியாது. நாவலின் முன்னுரையில் பில்போ மோதிரத்தைக் கண்டெடுத்த கதை சுருக்கமாக வருகிறது, தொடர்புக்கு அது போதும்.

செலவு: ஆரம்பம் மெதுவாக நகரும். பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃப்ரோடோ வீட்டை விட்டுக் கிளம்புவதற்கும் நடுவே 17 வருடம். படத்தில் சில நிமிடத்தில் போய்விடும் இந்த இடைவெளி புத்தகத்தில் உண்மையான இடைவெளியாகவே இருக்கிறது. பிறகு படத்தில் இல்லாத டாம் பாம்படில் வருவார், பாட்டோடு. எல்ரோண்டின் சபை என்ற அத்தியாயத்தில் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். படத்தின் வேகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் இந்த மூன்று இடங்களில்தான் விடுகிறார்கள். சபை அத்தியாயத்தைத் தாண்டிவிட்டால் மோரியா சுரங்கம் வந்துவிடும், பிறகு புத்தகம் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

பதிலுக்குப் படத்தில் இல்லாதது ஒன்று கிடைக்கிறது. போர் முடிந்து நான்கு ஹாபிட்களும் ஊர் திரும்பும்போது அவர்கள் ஊரின் நிலைமை. அந்த அத்தியாயத்துக்காகவே மூன்றாம் தொகுதியைக் கடைசிவரை படிக்கலாம். பிறகு ஹாபிட்டை எப்போது வேண்டுமானாலும் எடுங்கள். ஒரு பெரிய துயரத்தின் குழந்தைப் பருவப் புகைப்படம் மாதிரி இருக்கும்.

## வரிசை 4: நடுவில் ஒரு படி வைத்து

ஹாபிட், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ், அதன் பிற்சேர்க்கைகளில் முதல் இரண்டு, தி சில்ட்ரன் ஆஃப் ஹூரின், அப்புறம் சில்மரில்லியன்.

வெளிவந்த வரிசையின் ஒரே பெரிய ஓட்டை, லார்ட் ஆஃப் தி ரிங்ஸிலிருந்து சில்மரில்லியனுக்குத் தாவும் தூரம். பலர் அங்கே விழுந்துவிடுகிறார்கள். அந்தத் தூரத்தைக் குறைக்க இரண்டு படிகள் இருக்கின்றன.

ஒன்று, மூன்றாம் தொகுதியின் பின்னால் இருக்கும் ஆறு பிற்சேர்க்கைகள். எல்லாம் வேண்டாம். முதலாவதில் அரசர்களின் வரலாறும், அரகார்ன்–அர்வென் காதல் கதையும் இருக்கின்றன. அர்வெனுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்பதை நாவல் சொல்வதில்லை, இங்கேதான் வருகிறது. இரண்டாவது ஆண்டுவாரிக் காலக்கோடு. நாள்காட்டி, எழுத்துமுறை பற்றியதெல்லாம் ஆர்வம் இருந்தால் போதும்.

இன்னொன்று ஹூரின் பிள்ளைகளின் கதை. இது தொடர்ந்து ஓடுகிற உரைநடையில் எழுதிய ஒரு தனிச் சோகக் கதை, கையாளக்கூடிய அளவு. ஹூரினின் மகன் டூரின் போகிற இடமெல்லாம் புதுப் பெயர் வைத்துக்கொள்கிறான், பழைய விதி பின்னாலேயே வந்துவிடுகிறது. முதல் யுகத்தின் நிலமும் எதிரியும் எப்படி என்பதை கிறிஸ்டோபரின் முன்னுரை சொல்லித் தந்துவிடும். இதை முடித்தபின் சில்மரில்லியனைத் திறந்தால், அந்த நில விவர அத்தியாயத்தில் வரும் ஊர்களில் சிலவற்றில் நீங்கள் ஏற்கெனவே நடந்திருப்பீர்கள். என்னை மூன்று வருடம் தள்ளி வைத்த அதே பக்கங்களை இரண்டாம் முறை நான் விரும்பிப் படித்தேன்.

செலவு இரண்டு. கூடுதலாக ஒரு புத்தகம் வாங்க வேண்டும். அப்புறம், இதே கதை சில்மரில்லியனின் 21ஆம் அத்தியாயத்தில் சுருக்கமாக வருவதால், அங்கே முடிவின் அதிர்ச்சி உங்களுக்குக் கிடைக்காது. எனக்கு இது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. விரித்த வடிவில்தான் அந்த முடிவு ஆளை உலுக்குகிறது. மூன்றிலிருந்து ஆறு மாத அவகாசம் இருக்கிறது, முழு உலகத்தையும் பார்த்துவிட வேண்டும் என்கிறவருக்கு என் தேர்வு இந்த வரிசைதான்.

## வாங்கும் முன்

'பெரென் அண்ட் லூதியன்', 'தி ஃபால் ஆஃப் கோண்டோலின்' இரண்டும் 2017இலும் 2018இலும் வந்தவை. அட்டையைப் பார்த்தால் ஹூரின் கதைபோலத் தொடர்ச்சியான நாவல் என்றே தோன்றும். அப்படியில்லை. ஒரே கதையை டோல்கீன் வெவ்வேறு காலத்தில் எழுதிய வடிவங்களை வரிசையாக வைத்து, மகன் விளக்கம் கொடுக்கும் புத்தகங்கள். பாதியில் நின்றுபோன வடிவங்களும் உண்டு. சில்மரில்லியனுக்கு முன்னால் இவற்றை வாங்காதீர்கள். 12 தொகுதிகளாக வந்த 'தி ஹிஸ்டரி ஆஃப் மிடில் எர்த்' பற்றியும் இப்போது நினைக்கவே வேண்டாம்.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸை ஒரே தொகுதியாக வாங்கினால் மலிவாக முடியும், ஆனால் பேருந்தில் ஒரு கையில் பிடிக்க முடியாது. தினம் பயணத்தில் படிக்கிறவர் மூன்று தொகுதிகளையே வாங்குவது நல்லது. மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். மின்னூலில் படித்தால் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது சிரமம். வரைபடத்தைத் தனியாக அச்செடுத்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சில்மரில்லியனுக்கு இரண்டு அடையாளத் தாள் தேவைப்படும்: ஒன்று நீங்கள் இருக்கும் பக்கத்துக்கு, மற்றது பின்னாலிருக்கும் பெயர் அகராதிக்கு.

எந்த வரிசையில் போனாலும், சில்மரில்லியனை முடித்த அன்றே 'தி டூ டவர்ஸ்' தொகுதியை மறுபடி எடுத்து, நான்காம் நூலின் எட்டாம் அத்தியாயத்தில் சாம் படிக்கட்டில் உட்கார்ந்து பேசும் அந்த இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் திரும்பப் படியுங்கள்.